டார்ச் அடித்துப் பார்க்கும்போது நன்றாக வளர்ந்த கரு, கடைசி நாளில் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடுகிறது: காரணம் என்ன?

கடலோரக் கோழி:
அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் அருகே கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சிறுவிடைக் கோழி முட்டைகளை வீட்டிலேயே பொரிக்க, தெர்மோகோல் பெட்டியில் இரண்டு குண்டு பல்புகள், ஒரு சிறிய மின்விசிறி, வெப்பநிலை 37.5 டிகிரியில் பல்பை அணைக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறேன். தண்ணீர்த் தட்டு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை முட்டைகளைத் திருப்பி வைத்து, 18ஆம் நாளோடு நிறுத்திவிடுகிறேன்.

7ஆம் நாள் இருட்டறையில் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகளில் சிலந்தி வலையைப் போல ரத்த நாளங்கள் தெரிந்தன. கூமுட்டைகளை அப்போதே எடுத்துவிட்டேன். 14ஆம் நாள் கரு அசைவதையும் கண்டேன். அப்படியிருந்தும் 21ஆம் நாள் மூன்றில் ஒரு பங்குகூடப் பொரிக்கவில்லை, முந்தைய முறையும் இதே நிலைதான். முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே இறந்து கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. எங்கே பிசகுகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பண்ணைத்தோழி:
பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தீர்களா, சகோதரி? குஞ்சு காய்ந்து சவ்வோடு ஒட்டியிருந்ததா, அல்லது ஈரத்தில் ஊறியதுபோல் இருந்ததா? முட்டையின் பருத்த முனையில் உள்ள காற்றறை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் தெரிந்தால் காரணத்தைப் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

கடலோரக் கோழி:
உடைத்துப் பார்த்தேன், அக்கா. குஞ்சுகளின் மென்முடி பிசுபிசுவென்று நனைந்திருந்தது. உடைத்தவுடன் நீர் வழிந்தது. சிலவற்றில் மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுமையாகப் போகவில்லை. காற்றறை மிகச் சிறியதாகத்தான் இருந்தது. பெட்டியின் ஈரப்பதமானி எப்போதும் 65 முதல் 70 வரை காட்டியது.

பண்ணைத்தோழி:
அப்படியானால் ஈரம் மிகுதியானதே முதல் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அடை வைத்த நாள் முதல் 18ஆம் நாள் வரை, ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகி, முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை இழக்க வேண்டும். அப்படி இழந்த இடத்தில்தான் காற்றறை விரிகிறது. குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் தன் அலகால் காற்றறைச் சவ்வைக் கிழித்து அங்குள்ள காற்றில்தான் முதல் மூச்சை எடுக்கும். அந்த இடம் சிறுத்து, சுற்றிலும் நீர் தேங்கியிருந்தால், மூச்சு முட்டி இறந்துவிடுகிறது.

18ஆம் நாள் வரை 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும் என்பது பொதுவான அளவு. ஆனால் உங்கள் ஊரில் தண்ணீர்த் தட்டே இல்லாமல் அந்த அளவு கிடைத்துவிடும். வெளிக்காற்று 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 52 சதவீதமாகிவிடும். அதற்கு மேல் தட்டில் தண்ணீரும் இருந்தால் 65-க்கு ஏறாமல் எப்படி இருக்கும்? வறண்ட கோடையில் உள்மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத்தான் முதல் நாளிலிருந்து தட்டு வேண்டும்; அவர்கள் சொல்லும் முறையைக் கடலோரத்தில் அப்படியே பின்பற்றக் கூடாது.

சேவற்கொடி:
தோழி சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் வெப்பநிலையை விட்டுவிடக் கூடாது. மஞ்சள் கரு உள்ளே போகாமல் நிற்பதற்கு, தொடர்ந்து அரை டிகிரி, ஒரு டிகிரி குறைந்திருப்பதும் காரணமாகலாம். தெர்மோஸ்டாட்டின் உணரி எங்கே தொங்குகிறது? மூடிக்கு அருகில் பல்பு மட்டத்தில் இருந்தால், அங்கே 37.5 காட்டும்போது கீழே முட்டையின் மட்டத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும். உணரியை முட்டைகளின் மேற்பரப்பு உயரத்துக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு மருத்துவ வெப்பமானியையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈரப்பதமானியையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால், அது 75 காட்ட வேண்டும். எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறதோ, அதைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம்.

கடலோரக் கோழி:
மிக்க நன்றி, ஐயா. உணரி மூடிக்கு அருகில்தான் தொங்கியது, இப்போது இறக்கிவிட்டேன். உப்புச் சோதனையில் கருவி 71 காட்டுகிறது. அப்படியென்றால் என் பெட்டியில் உண்மையான ஈரம் 70-க்கும் மேலே இருந்திருக்கிறது. தட்டை எடுத்துவிட்டுப் புதிய முட்டைகளை வைக்கப்போகிறேன். எடை குறைவதைச் சமையலறைத் தராசில் கண்டுபிடிக்க முடியுமா? முட்டை ஒன்று 40 கிராம்தான் வருகிறது.

பண்ணைத்தோழி:
ஒவ்வொன்றாக நிறுத்தால் ஒரு கிராம் வித்தியாசம் சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுங்கள். 20 முட்டைகள் 800 கிராம் என்றால், 7ஆம் நாள் சுமார் 37 கிராமும், 18ஆம் நாள் சுமார் 96 கிராமும் குறைந்திருக்க வேண்டும். இடையில் கூமுட்டையை எடுத்தால், அதன் ஆரம்ப எடையையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்; இதற்காகவே முதல் நாளில் ஓட்டின் மேல் பென்சிலால் எண்ணும் எடையும் எழுதி வைப்பது நல்லது. குறைவு போதவில்லை என்றால் காற்றுத் துளைகளைக் கூடுதலாகத் திறந்துவிடுங்கள். அளவுக்கு மீறிக் குறைந்தால் மட்டும் தட்டை வையுங்கள். தட்டின் ஆழத்தைவிட நீர்ப்பரப்பின் அகலமே ஈரத்தை நிர்ணயிக்கும் என்பதால், ஒரு சிறிய கிண்ணமே போதுமானதாக இருக்கும்.

டார்ச் அடிக்கும்போது காற்றறையின் விளிம்பை ஓட்டின் மேல் பென்சிலால் கோடிட்டு, 7, 14, 18 ஆகிய நாள்களில் அந்தக் கோடு கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். 18ஆம் நாள் காற்றறை முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். மற்ற இடம் முழுவதும் கருத்திருக்கும். நாளங்கள் மறைந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் அந்தக் கரு இறந்துவிட்டது என்று பொருள். அதை உடனே எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அழுகி வெடிக்கவும் கூடும்.

கடலோரக் கோழி:
புதிய முட்டைகளின் 7ஆம் நாள் எடை, நீங்கள் சொன்ன கணக்குக்கு மிக அருகில் வந்திருக்கிறது, அக்கா. கோடும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கடைசி மூன்று நாள்களில் மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

சேவற்கொடி:
18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தியதும் தண்ணீர்த் தட்டை வைத்து, ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை ஏற்றுங்கள். குஞ்சு ஓட்டைக் கொத்தும்போது சவ்வு காய்ந்து இறுகாமலிருக்க அப்போதுதான் அந்த ஈரம் தேவை. குஞ்சுகள் மூச்சுவிடத் தொடங்குவதால் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். முதல் துளை விழுந்த பிறகு முழுதாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ரத்தமும் மஞ்சள் கருவும் உடலுக்குள் போகின்றன. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் நாளம் அறுந்து ரத்தம் கசியும். முந்திப் பொரித்த குஞ்சை உடனே வெளியே எடுக்க மூடியைத் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, மற்றவை சிக்கிக்கொள்ளும். உள்ளே இழுத்த மஞ்சள் கருவே அதற்குத் தீனி என்பதால், ஒரு நாள் முழுவதும் பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.