அமெரிக்காவில் ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ்: மனசை விட்டுப் போகாத ஒரு பில், ஒரு கடிதம் பகிருங்கள்

குறிஞ்சி

பிறந்த குழந்தை என்ஐசியு-வில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. சோஷியல் செக்யூரிட்டி கார்டு தபாலில் வரட்டும், அப்புறம் பிளானில் சேர்க்கலாம் என்று அப்பா காத்திருந்தார். கார்டு வந்தது. பெனிஃபிட்ஸ் தளத்தைத் திறந்தால் "குழந்தை பிறப்பு" என்ற தேர்வையே காணோம். அன்று 31-ஆம் நாள்.

ஆபீஸ் பிளானில் குழந்தையைச் சேர்க்கச் சட்டம் உறுதியாகத் தருவது பிறந்த தேதியிலிருந்து 30 நாள். சில கம்பெனிகள் கூடுதலாகத் தருவதுண்டு, ஆனால் பிளான் ஆவணத்தில் எழுத்தில் பார்க்காமல் நம்ப வேண்டாம். 30 நாளுக்குள் சேர்த்துவிட்டால் பிறந்த நிமிடத்திலிருந்தே கவரேஜ் உண்டு. கார்டு நம்பர் இல்லாமலே சேர்க்கலாம், நம்பரைப் பிறகு கொடுத்தால் போதும். பிரசவம் அம்மாவின் பிளானில் கவர் ஆகிறது என்பதால் குழந்தையும் கவர் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அம்மாவின் பில் வேறு, குழந்தையின் பில் வேறு.

தவறிப்போனவர்களுக்கு: தனியாக இன்சூரன்ஸ் வாங்க அரசு அமைத்த சந்தையான மார்க்கெட்பிளேஸில் பிறந்த தேதியிலிருந்து 60 நாள் அவகாசம் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மெடிக்எய்டு, குழந்தைகளுக்கான சிஎச்ஐபி ஆகிய அரசுத் திட்டங்களுக்குத் தகுதி இருந்தால் வருடத்தில் எந்த நாளும் சேரலாம்.

நெடுஞ்சாலை

எனக்கு மறக்காதது கோப்ரா கடிதம். வேலை போன பிறகும் பழைய ஆபீஸ் பிளானிலேயே கொஞ்ச காலம் தொடர வழி தரும் சட்டம் அது. லே-ஆஃப் ஆன குடும்பம் ஒன்று. அதுவரை சம்பளச் சீட்டில் மாதம் 570 டாலர் சுமாருக்குப் பிடித்தார்கள். கடிதத்தில் 2,290 சொச்சம். தப்பா அச்சாயிருக்குன்னே அவங்க நினைச்சாங்க.

தப்பே இல்லை. கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பின் சர்வேப்படி 2025-இல் குடும்ப பிளானின் சராசரிப் பிரீமியம் வருஷத்துக்கு 26,993 டாலர். ஊழியர் பங்கு 6,850. மீதியைக் கம்பெனி கட்டுது. வேலை போனதும் முழுத்தொகையும் நம்ம தலையில், கூடவே 2 சதவீத நிர்வாகக் கட்டணம். அதான் 102 சதவீதம்.

கோப்ராவில் ஒரு வசதி. முடிவெடுக்க 60 நாள். எடுத்த பிறகு முதல் தவணைக்கு 45 நாள். கவரேஜ் விட்டுப்போன நாளிலிருந்தே பின்னோக்கிச் செல்லும். அதனால் 60 நாளைக்குக் கையெழுத்துப் போடாமல் வெச்சிருங்க. ஒண்ணும் நடக்கலைன்னா பணம் மிச்சம்.

வைகை_2

நெடுஞ்சாலை அண்ணா, பாதிதான் சொல்லியிருக்கீங்க. கையெழுத்துப் போடாத அந்த 60 நாளும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் நீங்க "செயலில் இல்லை"ன்னுதான் தெரியும். அப்பாயின்ட்மென்டுக்கும் மருந்துக்கும் முழு விலை கட்டி, பிறகு கிளெய்ம் போட்டுத்தான் திரும்ப வாங்கணும். கடைசி நாளில் எடுத்தாலும் முதல் நாளிலிருந்து எல்லா மாதத்துக்கும் பிரீமியம் கட்டணும், வேண்டிய மாதத்துக்கு மட்டும் கட்ட முடியாது. மார்க்கெட்பிளேஸின் 60 நாளும் கூடவே ஓடிட்டிருக்கும். ரெண்டு கதவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மூடும். கோப்ராவை எடுத்துட்டு நடு வருஷத்தில் நீங்களாகவே விட்டா, அதைக் காரணம் காட்டி மார்க்கெட்பிளேஸில் நுழைய முடியாது, அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் (வருஷா வருஷம் வரும் சேர்க்கைக் காலம்) வரைக்கும் காத்திருக்கணும்.

கம்பெனியில் 20 பேருக்குக் குறைவுன்னா கூட்டரசு கோப்ராவே பொருந்தாது, மாநிலச் சட்டத்தைப் பார்க்கணும். கம்பெனி மூடி பிளானே ஒழிஞ்சாலும் கோப்ரா கிடையாது.

நான் பார்த்த கேஸ் ரெண்டு வரிதான். செப்டம்பரில் சர்ஜரி, டிடக்டிபிள் (பிளான் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம கட்ட வேண்டிய தொகை) முழுக்கக் கட்டியாச்சு. அக்டோபரில் புது வேலை, புது கார்டு. பிசியோதெரபி முதல் பில்லில் "கட்டிய டிடக்டிபிள்: 0". நடுவில் சிகிச்சை ஓடும்போது டிசம்பர் வரை கோப்ராவில் இருப்பதற்கும் புது டிடக்டிபிளுக்கும் கூட்டிக் கழிச்சுப் பாருங்க. சில சமயம் கோப்ராவே மலிவு.

கணக்கர்

கம்பெனி வருடத்துக்கு 20,000 டாலர் கட்டுகிறது என்றதும் அது இனாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சம்பளத்தின் ஒரு பகுதி. 1942-இல் போர்க்காலச் சம்பளக் கட்டுப்பாடு வந்தபோது, கூலியை உயர்த்த முடியாத நிறுவனங்கள் இன்சூரன்ஸ் கொடுத்து ஆள் பிடித்தன. 1954 வரிச் சட்டம் அந்தத் தொகைக்கு வரி இல்லை என்று உறுதி செய்தது. அன்றிலிருந்து இது நம் ஊதியம்தான். 1999-இல் குடும்பப் பிரீமியம் 5,791 டாலர். இன்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிரீமியம் ஏறும்போது கம்பெனி அதைச் சம்பளப் பிடித்தத்தில் முழுதாகக் காட்டுவதில்லை. டிடக்டிபிளை ஏற்றும், நெட்வொர்க்கை (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்) சுருக்கும், வேறிடத்தில் இன்சூரன்ஸ் கிடைக்கிற கணவன் மனைவிக்கு மாதக் கூடுதல் கட்டணம் போடும். ஆகவே ஓபன் என்ரோல்மென்டில் "பிரீமியம் மாறவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டு ஜன்னலை மூடாதீர்கள்.

மனதில் நிற்கிற பில்: பையனுக்குக் கை எலும்பு முறிவு, எச்எஸ்ஏ (வரியில்லா மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உள்ள ஹை டிடக்டிபிள் பிளான். தனிநபர் 3,000, குடும்பம் 6,000. பையனுக்கு 3,000 தாண்டியதும் பிளான் கொடுக்கும் என்று வீட்டில் கணக்கு. கிளெய்முக்குப் பிறகு பிளான் அனுப்பும் கணக்குச் சீட்டான இஓபி-யில் "மீதமுள்ள டிடக்டிபிள் 1,840" என்று இருந்தது. அந்த பிளானில் 3,000 என்பது ஊழியர் தனியாகச் சேர்ந்தால் மட்டும். குடும்பமாகச் சேர்ந்தால் ஒருவருக்கே செலவானாலும் 6,000 முழுதும் தீர வேண்டும். இதை அக்ரிகேட் என்பார்கள், ஆளுக்குத் தனி எல்லை உள்ளது எம்பெடட். எஸ்பிசி என்ற சுருக்க ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இது இருக்கும். பிளான் எந்த வகையானாலும், நெட்வொர்க்குக்குள் ஒரே ஆளிடமிருந்து வாங்கும் தொகை தனிநபர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. 2026-க்கு அது 10,600 டாலர்.

பழைய கிளெய்ம்ஸ் மேசை

நிராகரிப்புக் கடிதத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எம்ஆர்ஐ-க்கு "மருத்துவத் தேவை இல்லை" என்று ஒரு குடும்பத்துக்குக் கடிதம் வந்தது. அவர்கள் மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் எழுதினார்கள். "இது எங்கள் அதிகாரத்தில் வராது" என்று ஒரே வரியில் பதில்.

காரணம், அது செல்ஃப்-ஃபண்டட் பிளான். கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும் பணம் முதலாளியுடையது, அந்தக் கம்பெனி கிளெய்ம் பார்க்கிற வேலை மட்டும் செய்கிறது. 2024-இல் ஆபீஸ் கவரேஜ் உள்ள ஊழியர்களில் 63 சதவீதம் பேர் இப்படிப்பட்ட பிளானில்தான் இருந்தார்கள். இவற்றை ஆள்வது 1974-இன் எரிசா சட்டம். புகார் போக வேண்டிய இடம் கூட்டரசுத் தொழிலாளர் துறை. எச்ஆர்-இடம் "நம் பிளான் செல்ஃப்-ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா (இன்சூரன்ஸ் கம்பெனியே பணம் கொடுப்பது)?" என்று மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்பீலுக்கு 180 நாள் உண்டு. எழுதும் முன் கிளெய்ம் ஃபைலையும், பிளான் தரப்பு பயன்படுத்திய மருத்துவ அளவுகோலையும் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். அளவுகோலில் "ஆறு வாரம் பிசியோதெரபி" என்று இருந்து, டாக்டர் குறிப்பில் தேதிகள் இல்லாமல் போயிருக்கும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். தேதிகளோடு டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். வலியை இரண்டு பக்கம் வர்ணிப்பதை விட அந்த நாலு தேதிகளுக்கு மதிப்பு அதிகம். டாக்டரை அவர்களுடைய டாக்டரோடு போனில் பேசச் சொல்லுங்கள், அப்பீலுக்கு முன்பே தீர்வதுண்டு.

இனிமேல் செய்ய வேண்டிய சிகிச்சை என்றால் அவர்கள் 30 நாளுக்குள் அப்பீலுக்குப் பதில் சொல்ல வேண்டும், செய்து முடித்ததற்கு 60, அவசரம் என்றால் 72 மணி நேரம். பிளானில் இரண்டு கட்ட அப்பீல் இருந்தால் அவசரமல்லாதவற்றில் இந்த அவகாசம் கட்டத்துக்குப் பாதியாகப் பிரியும். அதிலும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு (பிளானைச் சாராதவர்கள் செய்யும் மறுபரிசீலனை) கேளுங்கள். மருத்துவத் தேவை பற்றிய சண்டைக்குத்தான் அது உதவும். பிளானிலேயே விலக்கி வைத்த விஷயத்துக்கு, உதாரணமாக உடல் எடை குறைக்கும் ஊசிக்கு, வெளி ஆய்வில் அநேகமாக ஒன்றும் நடக்காது. அதற்கு முதலாளியிடமே கேட்க வேண்டும், விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

மழைத்துளி

சின்னதாக ஒன்று. நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து வரும் எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022 ஜனவரி முதல் நோ சர்ப்ரைசஸ் சட்டம் வந்ததால் எமர்ஜென்சியில் நெட்வொர்க் பற்றிக் கவலை இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஹெலிகாப்டருக்கு அது சரி. சாலையில் போகும் ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விபத்துக்குப் பிறகு வந்த பில்களில் ஐசியு எல்லாம் சரியாக இருந்தது, ஆம்புலன்ஸ் மட்டும் நெட்வொர்க்குக்கு வெளியே. சில மாநிலங்களில் தனிச் சட்டம் இருக்கிறது, ஆனால் செல்ஃப்-ஃபண்டட் பிளானை அது கட்டுப்படுத்தாது.

தாமரை இலை

குறிஞ்சி மேடம், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஆபீஸ் இன்சூரன்ஸ் இருந்தால் இன்னொரு சிக்கல் வருமே. குழந்தையை ரெண்டிலும் சேர்த்த வீட்டில், ஒரே வாரத்தில் ரெண்டு கம்பெனியும் "மற்றவர்தான் முதலில் கட்ட வேண்டும்" என்று கடிதம் அனுப்பியதைப் பார்த்தேன்.

பெற்றோரில் யாருடைய பிறந்தநாள் காலண்டரில் முன்னால் வருகிறதோ அவர் பிளான்தான் முதலாவது. மாதமும் தேதியும் மட்டும் பார்க்க வேண்டும், வயது கணக்கில் வராது. விவாகரத்து ஆனவர்களுக்கு விதி வேறு, கோர்ட் உத்தரவு முந்தும். ரெண்டு கம்பெனிக்கும் போன் போட்டு, கோஆர்டினேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ் (எந்த பிளான் முதலில் கட்டும் என்பதை முடிவு செய்வது) பகுதியில் மற்ற பிளானின் பெயர், மெம்பர் நம்பர், தொடங்கிய தேதி மூன்றையும் பதியச் சொல்லுங்கள். பதிந்த பிறகு பழைய கிளெய்ம்களைத் திரும்பப் பரிசீலிக்க நாமாகத்தான் கேட்க வேண்டும். முதல் பிளானின் இஓபி-யை இணைத்தால்தான் ரெண்டாவது பிளான் அசையும்.