ஆப்ட்டில் போட்ட கிரேடில் இருக்கும்போது, புராஜெக்ட்டோடு வரும் ராப்பர் எதற்கு?

அரைகுறை_டெவ்:
உபுண்டு 22.04. ஓப்பன் சோர்ஸ் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை குளோன் செய்து, தமிழில் வரி உடைகிற இடத்தைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். ரீட்மீயில் ‘./கிரேடில்டபிள்யூ’ ஓட்டச் சொல்லியிருந்தார்கள், அதுதான் புராஜெக்ட்டோடு வரும் ராப்பர். ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) வழியாக ஏற்கெனவே போட்ட கிரேடில்தான் (சோர்ஸிலிருந்து ஆப்பைக் கட்டித்தரும் பில்ட் கருவி) இருக்கிறதே என்று அதையே ஓட்டினேன். செட்டிங்ஸ் கோப்பிலேயே விழுந்துவிட்டது. ‘டிபென்டன்சி ரெசல்யூஷன் மேனேஜ்மென்ட்’ என்ற மெத்தடே இல்லையாம். இரண்டு மணி நேரம் அடைப்புக்குறிகளை எண்ணியதுதான் மிச்சம். ராப்பர் புதிதாக ஒரு கிரேடிலை இறக்குமாமே? நான் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறேன், ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். இறக்காமல் முடிக்க வழி உண்டா?

பழைய_ஜாவாக்காரன்:
கோப்பில் தப்பே இல்லை தம்பி. உங்கள் கிரேடிலிடம் வெர்ஷன் கேட்டுப் பாருங்கள், 4.4.1 என்று சொல்லும். 2017 டிசம்பர் சரக்கு. நீங்கள் தேடும் மெத்தட் 6.8-இல்தான் வந்தது, அதாவது 2021 ஜனவரியில்.

ராப்பர் என்பது ஒரு சின்ன ஸ்கிரிப்டும் ஒரு ஜார் கோப்பும்தான். எந்த வெர்ஷன் வேண்டும் என்பது கிரேடில்/ராப்பர் ஃபோல்டரில் உள்ள பிராப்பர்ட்டீஸ் கோப்பில் இருக்கிறது. ‘டிஸ்ட்ரிப்யூஷன் யூஆர்எல்’ வரியைப் பாருங்கள். ஒருமுறை இறக்கினால் ஹோமில் உள்ள .கிரேடில் ஃபோல்டரில் தங்கிவிடும். அதே வெர்ஷன் கேட்கும் அடுத்த புராஜெக்ட்டுக்கும் அதுவே போதும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் பில்ட் சர்வரில் பொதுவாக ஒரே கிரேடில் போட்டு வைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ அதை அப்டேட் செய்ய, நாலு புராஜெக்ட் ஒன்றாகப் படுத்தன. சனி ஞாயிறு போச்சு.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:
டேட்டாவுக்கு ஒரு யோசனை. அந்த வரியின் கடைசியில் ‘ஆல்’ என்று இருந்தால் ‘பின்’ என்று மாற்றுங்கள். ‘ஆல்’ சோர்ஸ், டாக்குமென்டேஷன் எல்லாம் சேர்ந்து வரும். பில்டுக்கு அவை தேவையில்லை. கமிட்டில் மட்டும் அந்த மாற்றத்தைச் சேர்த்துவிடாதீர்கள். ஆனால் கிரேடிலைவிட, ஆப் கேட்கும் லைப்ரரிகள்தான் உங்கள் 1.5 ஜிபியைத் தின்னும். அதற்கு ராப்பர் பொறுப்பில்லை.

அப்புறம், முன்பின் தெரியாதவர் ரெப்போ என்றால் ராப்பர் ஜாரின் ஷா-256-ஐ (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) கிரேடில் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அதுவும் உங்கள் மெஷினில் ஓடும் நிரல்தானே.

அரைகுறை_டெவ்:
‘பின்’ மாற்றி ஓட்டினேன், இறங்கியது. இப்போது ஜாவா 17 வேண்டும், உன்னிடம் 11 இருக்கிறது என்கிறது! ராப்பர் ஜாவாவையும் கொண்டுவராதா?

பழைய_ஜாவாக்காரன்:
ராப்பர் ஓடவே ஜாவா வேண்டுமே! உங்கள் ஆண்ட்ராய்டு பிளகின் (கிரேடிலை ஆண்ட்ராய்டு ஆப் கட்ட வைக்கும் துணைநிரல்) 8-ஆவது வரிசையாக இருக்கும், அது 17-க்குக் கீழே ஒத்துக்கொள்ளாது. ஓப்பன் ஜேடிகே 17-ஐ ஆப்ட்டிலேயே போடலாம், அதில் தவறில்லை. ஜாவா ஹோமை (எந்த ஜாவாவை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) அதற்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அரைகுறை_டெவ்:
ஏபிகே (போனில் நிறுவும் ஆப் கோப்பு) வந்துவிட்டது அண்ணா. வரி இன்னும் உடைகிறது, அது என் வேலை. ஆப்ட் கிரேடிலைத் தூக்கிவிட்டேன்.