சு.ரா.வின் கடைசி நாவல் சறுக்கலா? பாலுவிடமே கேளுங்கள்

குறிப்பேடு: ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எழுதிய சுந்தர ராமசாமி, ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் களைத்துப்போய்க் குடும்பக் கதைக்குள் ஒதுங்கிவிட்டாராம். ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ கொடுத்தவர் ஐயா அவர். ஜே.ஜே. வந்தது 1981இல். கதை சொல்லத் தெரிந்தவர் மறுபடி கதை சொன்னால் ஒதுங்கலா?

கடைசிபெஞ்ச்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஜே.ஜே.யில் முதல் வரியிலேயே நாயகன் செத்துப்போகிறான், அதுவும் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள். பின்பகுதி முழுக்க அவன் நாட்குறிப்பு. 1998இல் வந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் என்ன இருக்கிறது? முப்பதுகளின் கோட்டயம், ஒரு வீடு, கண்டிப்பான அப்பா. சிவகாமியின் சபதம் நிறைவேறியதா என்று கேட்டுத் தமிழ் வாசகனைக் கிண்டலடித்தவர் கடைசியில் இங்கேதான் வந்து நின்றார்.

குறிப்பேடு: அதைக் கேட்டது நாவலின் நாயகன் ஜே.ஜே.தான். பாத்திரம் பேசியதை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்.

கடைசிபெஞ்ச்: ஜே.ஜே.யை எழுதியது பக்கத்து வீட்டுக்காரரா?

புதுவாசகி: இரண்டிலும் பாலு வருகிறானே, ஜே.ஜே.யில் கதைசொல்லியாக, இதில் சிறுவனாக. அதே பாலுதானா?

குறிப்பேடு: அதே பாலுதான். ஜே.ஜே.யில் இன்னொருவன் வாழ்க்கையைத் துரத்தியவனுக்கு இங்கே சொந்தப் பால்யம் கிடைக்கிறது. ஆகவே இது பின்வாங்கல் இல்லை.

கடைசிபெஞ்ச்: பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றா? அங்கே பாலு ‘நான்’, இங்கே ‘அவன்’.

குறிப்பேடு: அதைத்தானே சொல்கிறேன்! ‘நான்’ என்று ஆடியவனைப் பல பேரில் ஒருவனாக உட்கார வைப்பது சின்ன வேலையா? சு.ரா. இங்கே பாலுவின் அப்பா எஸ்.ஆர்.எஸ். மனசுக்குள்ளும் போகிறார், பெண்கள் மனசுக்குள்ளும் போகிறார். ஜே.ஜே.யில் பெண்கள் எங்கே?

தேரடி: ஜே.ஜே.யைப் பாதியில் மூடியவன் நான். புரியாவிட்டால் சோதனை முயற்சி, புரிந்தால் சறுக்கல், நல்ல கணக்கு.

கடைசிபெஞ்ச்: பாதியில் மூடியவருக்கு இங்கே என்ன வேலை?

தேரடி: போன வருஷம் யதார்த்தவாதம் செத்துவிட்டது என்று இரங்கல் வாசித்தீர்களே அண்ணே, அதையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்?

கடைசிபெஞ்ச்: இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

புதுவாசகி: பாலு விஷயம்...

குறிப்பேடு: அதே பாலுதான் என்று சொல்லிவிட்டேனே அம்மா. மறுக்கிறவர் ஜே.ஜே.யில் பாலு தன் சின்ன வயதைப் பற்றிப் பேசும் பக்கங்களை எடுத்துப் படிக்கட்டும். படித்திருந்தால்.

கடைசிபெஞ்ச்: நீங்கள் பிறந்ததே அதைப் படிக்கத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ‘நான்’ வேறு, ‘அவன்’ வேறு.