பொங்கல் பானையும் இண்டக்‌ஷன் அடுப்பும்

குழந்தை பிறந்து இங்கே ஜெர்மனியில் முதல் தீபாவளி, ஊரில் செய்கிற மாதிரி ஒன்றுமே செய்ய முடியவில்லை, மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்த தங்கைக்கு.

நான் மியூனிக் வந்து 12 வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். முதல் நான்கு வருடம் நானும் இதே பாடுதான் பட்டேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் தீபாவளி என்றால் நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல், ஏழு பட்சணம், லேகியம். அதை அப்படியே இங்கே இறக்கப் பார்த்தேன். முறுக்கு பொரிக்கையில் புகை அலாரம் அலறியது. நாலு மணிக்குக் குழாயைத் திறந்ததற்குக் கீழ்வீட்டுப் பாட்டி மறுநாள் கதவைத் தட்டினார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பதை இங்கே சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அக்டோபர் 20 வாக்கில் இங்கே சூரியன் ஏழரை மணிக்கு மேல்தான் தலைகாட்டும். ஆறேகாலுக்குக் குளித்தாலும் விடியுமுன் குளித்த கணக்குதான்! 2025 தீபாவளி திங்கட்கிழமை வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டாயிற்று. ஏழு பட்சணம் போய் ரவா லாடு மட்டும் நின்றது. லீவு வேண்டுமென்றால் பண்டிகையைச் சொல்லி முன்கூட்டியே வகுப்பாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டாசு கடைக்கு வருவதே வருடக் கடைசி மூன்று நாள்தான், வெடிக்க அனுமதி டிசம்பர் 31, ஜனவரி 1. அதனால் எங்கள் பட்டாசு சில்வெஸ்டர் இரவுக்கு, அதாவது டிசம்பர் 31 ராத்திரிக்குப் போய்விட்டது. அது தீபாவளியின் மிச்சம் என்று சின்னவன் நம்புகிறான். நான் திருத்தவில்லை.

பொங்கல்தான் என்னைப் படுத்திய பண்டிகை. முதல் வீட்டில் கண்ணாடி அடுப்பு. அம்மா ஊரிலிருந்து சுமந்துவந்த வெண்கலப் பானையில் பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தினோம். அடுத்த நிமிடம் வெல்லப்பால் கண்ணாடியில் கருகிப் பிடித்துக்கொண்டது. சூடு முழுக்க ஆறுமுன் பிளேடு போட்ட சுரண்டியால் எடுக்க வேண்டும் என்று தெரியாது. இரண்டு நாள் சுரண்டினேன், தழும்பு போகவில்லை. அடுத்த வீட்டில் இண்டக்‌ஷன். பானையை வைத்தால் அடுப்பு கண்டுகொள்ளவே இல்லை, அதற்குக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். இப்போது ஸ்டீல் குண்டானில், பொங்கல் தேதிக்கு அடுத்த சனிக்கிழமை, நிதானமாக மதியம். வழியும் முன் அடுப்பைக் குறைத்துவிடுவேன். கத்துவது மட்டும் குறையவில்லை.

இன்னொன்று, இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. கல்யாணம் ஆனால் இரண்டு பேருடைய சின்ன வயசும் ஒரே வீட்டில் இடம் கேட்கும். என் கணவருக்கு ஈரோடு. அவர்களுக்குப் பொங்கலுக்கு முன் வாசலில் காப்புக் கட்டியாக வேண்டும்: வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. பனியில் எங்கே போவது? கிறிஸ்துமஸில் மிஞ்சிய ஊசியிலைக் கிளையைக் கட்டலாமே என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒன்றே ஒன்று என்று முடிவு செய்தோம். நான் எண்ணெய்க் குளியலை எடுத்துக்கொண்டேன். அவர் காப்புக்கட்டை விடவில்லை, ஆனால் மாமா ஊரில் கட்டுவதை வீடியோவில் பிள்ளைகளுக்குக் காட்டுவதோடு சரி.

நாம் திட்டமிடாமல் வந்து சேர்வதும் உண்டு. 2022-ல் திருக்கார்த்திகை டிசம்பர் 6, இங்கே நிக்கோலாஸ் நாள். நிக்கோலாஸ் பரிசு போட்டுவிட்டுப் போவார் என்று முந்தின இரவு பிள்ளைகள் துடைத்து வைத்த பூட்ஸ் வாசலிலேயே கிடந்தது. அகல் வைக்க இடமில்லாமல் அதன் இரண்டு பக்கமும் வைத்தேன். இப்போது கார்த்திகை எந்தத் தேதியில் வந்தாலும் பெரியவள் விளக்குக்கு நடுவே பூட்ஸைக் கொண்டுவந்து வைக்கிறாள்.

ஊரில் என்ன சொல்வார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்கிய முறுக்கைத் தட்டில் அடுக்கி, நான் சுட்டது என்று மூன்று வருடம் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். போன பொங்கலுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பானை பரணில் கிடப்பது உட்பட. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சும்மாதானே கிடக்கு, வரும்போது எடுத்துண்டு வா. உன் சித்தி ரொம்ப நாளா கேட்டுண்டிருக்கா” என்றாள்.

ஆகஸ்டில் போகிறோம். மூன்று கிலோ இருக்கும், கைப்பையில் விடுவார்களா தெரியவில்லை.