மிக்ஸிக்கு நடுங்கிய சிட்டு: எங்கள் வீட்டில் செய்து பார்த்தது

மிக்ஸி போட்டாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது, போகப் போகப் பழகிவிடுமா என்று கேட்டிருந்தவருக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே நடுங்குகிற நாய்க்கு அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால் பெரும்பாலும் பயம் கூடத்தான் செய்யும். எங்கள் சிட்டுவிடம் அதைக் கண்ணாலேயே பார்த்தோம்.

நாங்கள் கல்லிடைக்குறிச்சி. சிட்டு செவலை நாட்டு நாய், நன்றாக வளர்ந்த பிறகுதான் ஒரு வயக்காட்டில் இருந்து எங்களிடம் வந்தாள். பிறந்து மூன்றாவது வாரத்தில் இருந்து மூன்று மாதம் வரைக்கும் ஒரு குட்டி எதையெல்லாம் கேட்கிறதோ பார்க்கிறதோ, அதெல்லாம் ஆபத்தில்லாதது என்று அதன் மனசில் பதியும். அந்த வயசில் இவள் கேட்டது மாட்டுச் சத்தமும் பம்புசெட்டும்தான், மிக்ஸியையும் குக்கரையும் எங்கே கேட்டிருப்பாள். ஆச்சி மட்டும், “விடுட்டி, நாலு நாளு கேட்டா தானா பழகிரும், நாயிக்கு என்ன இம்புட்டுப் பண்டுவம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பழகவில்லை. முதலில் அடுக்களையை விட்டு ஓடினாள், பிறகு பட்டாசலிலும், அதாவது கூடத்திலும், நிற்க மாட்டேன் என்றாள், கடைசியில் வாசல் பக்கத் தார்சாவில் கதவோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

பயம் என்றால் ஓடுவதும் குரைப்பதும் மட்டும் இல்லை. வாயை நக்குவது, தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, காதைப் பின்னால் ஒட்ட வைத்துக்கொள்வது, கண்ணில் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாமே பயந்தான். ‘என் நாய் மிக்ஸியைப் பார்த்து வேடிக்கையாகத் தலையைத் திருப்புகிறது’ என்று வீடியோ போடுகிறவர்கள் அதை இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சிட்டுவிடம் எங்களுக்கு முதலில் புரியாதது, கிரைண்டர் மாவாட்டும்போது அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவாள் என்பது. அவ்வளவு நேரம் கடகடவென்று ஓடுகிறது, அதற்குப் பயமில்லை. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் பேட்டரி இறங்கும்போது விட்டு விட்டு ஒரு ‘கீச்’ வருமே, அதற்கு உடம்பெல்லாம் ஆடும். மனுஷக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். அதனால் நமக்குச் சின்னதாகத் தெரிகிற கீச்சொலி அதற்கு எப்படி இருக்கும் என்று நம் காதை வைத்து முடிவு செய்ய முடியாது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2021-இல் வீட்டுச் சத்தங்களைப் பற்றியே ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். விடாமல் ஓடுகிற கனத்த சத்தத்தை விட, திடீர் திடீரென்று வருகிற கூர்மையான சத்தம்தான் நாயை அதிகம் பதற வைக்கிறது என்பது அதன் சாரம். கிரைண்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே அதில் இருந்தது. பழைய பேட்டரியை முதலில் மாற்றினோம். அந்தக் கீச் நின்ற பிறகுதான் மற்றதெல்லாம் கைகூடியது. ஒரு பயத்தோடு நாள் முழுக்க விறைத்துக் கிடக்கிற நாய்க்கு இன்னொன்றைப் பழக்குவது ரொம்பக் கஷ்டம். அதனால் உங்கள் வீட்டில் எந்தெந்தச் சத்தம் என்று பாருங்கள், நிறுத்த முடிந்ததை முதலில் நிறுத்திவிடுங்கள்.

மிக்ஸியை நிறுத்த முடியாது, ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் சொதி வைக்காமல் எங்கள் வீட்டில் ஆகாது. சிட்டுவைக் கவனித்துப் பார்த்ததில் அவள் பயம் மிக்ஸியில் தொடங்கவே இல்லை என்று தெரிந்தது. புறவாசல் துவைக்கல்லில் தேங்காயை ‘டக்’கென்று உடைத்த உடனேயே காது பின்னால் போகும். திருவுகிற சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள். ஜார் மூடியை எடுக்கும்போது பட்டாசலைத் தாண்டியிருப்பாள். தேங்காய் உடைத்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். ஆகவே பயிற்சியையும் தேங்காயில் இருந்துதான் ஆரம்பித்தோம்.

தேங்காய் உடைபடும் சத்தம், உடனே வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு. அவ்வளவுதான், மிக்ஸி கிடையாது. வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்துக்குக் கெடுதல். வரிசை இங்கே ரொம்ப முக்கியம். சத்தம் முன்னால், ஈரல் பின்னால். ஈரலைக் காட்டி இழுத்து வந்து அப்புறம் மிக்ஸியைப் போட்டால், ஈரலைக் கண்டாலே சத்தம் வரப் போகிறது என்று கற்றுக்கொண்டு சாப்பாட்டையே சந்தேகப்படும். தேங்காய்ச் சத்தத்துக்கு அவளாகவே திரும்பி என் கையைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, ஜாரை மிக்ஸியில் வைக்கிற சத்தம். அது சரியான பிறகு என் வீட்டுக்காரர் மிக்ஸியைப் புறவாசலுக்குக் கொண்டுபோய், நான் சிட்டுவோடு தார்சாவில் உட்கார்ந்து, நடுவில் உள்ள கதவையெல்லாம் சாத்தி, ஒரு நொடி மட்டும் திருகி நிறுத்துவார். சத்தம் கேட்டது, ஈரல். கேட்டது, ஈரல். பிறகு ஒரு கதவைத் திறந்து வைத்து, பிறகு மிக்ஸியைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து, இப்படி.

எவ்வளவு கிட்டே வரலாம் என்பதை நாயிடமே கேளுங்கள். அது உயிரையே விடுகிற அளவுக்குப் பிடித்த ஈரலைக் கொடுத்தும் வாங்கவில்லை என்றால், சத்தம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம், அங்கிருந்து பின்னால் போக வேண்டும், அன்றைக்கு அதோடு விட்டுவிட வேண்டும். கட்டிப்போட்டு மிக்ஸி பக்கத்தில் நிறுத்துவது கூடவே கூடாது. ஓட வழியில்லாத நாய் அசையாமல் நிற்கும், பார்க்கிறவர்கள் பழகிவிட்டது என்பார்கள், உள்ளுக்குள் அது செத்துக்கொண்டிருக்கும். இந்தப் பயிற்சி நடக்கிற காலத்தில் நிஜமாகவே அரைக்க வேண்டியிருந்தால், யாராவது அவளைக் கன்னடியன் கால்வாய்க் கரை வரை நடக்கக் கூட்டிப்போய்விடுவோம். பயிற்சியில் சேர்த்து வைத்ததை அடுக்களையில் கெடுக்கக் கூடாது அல்லவா. போனில் பதிவு செய்த சத்தத்தை வைத்துப் பழக்கலாம் என்று பலர் சொல்வார்கள், சில நாய்களுக்குச் சரிப்படும். சிட்டு போன் சத்தத்தைச் சட்டை செய்யவே இல்லை, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மிக்ஸியின் முழுச் சத்தமும் வராது.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பாதீர்கள். பயம் என்பது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை, பரிசு கொடுத்து அதை வளர்க்க முடியாது. உங்களிடம் வந்து ஒட்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். தனியாக மூலையில் கிடக்க நினைத்தால் அதையும் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவிலில் சித்தி வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய், வயசானது, காலமெல்லாம் குக்கர் விசிலுக்குக் காதைக்கூட அசைக்காதது, திடீரென்று விசில் அடித்தால் ஊளையிட ஆரம்பித்தது. சித்தி, “வயசாச்சுல்லா, அதான்” என்றாவ. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டாக்டர் பின்னங்காலை மடக்கிப் பார்த்ததும் கத்திவிட்டது. இடுப்பில் வலி. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு உடம்பு இறுகும்போது வலிக்கிறது, அந்த வலியைச் சத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் இதைத்தான் சொன்னது. வலிக்கு மருந்து கொடுத்த பிறகு ஊளை அடங்கியது. வளர்ந்த நாய் புதிதாகச் சத்தத்துக்குப் பயந்தால் பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள், காதுக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கம் உள்ளவர்களுக்கு அது பெரிய வசதி. வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாயைக் கொன்றுவிடக்கூடியவை.

சிட்டு இப்போது மிக்ஸி ஓடும்போது பட்டாசலில் படுத்திருக்கிறாள், தேங்காய் உடைத்தால் எழுந்து வந்து வாலை ஆட்டுகிறாள். குக்கர் விசிலுக்கு இன்னும் எழுந்து நிற்கிறாள், அது தனிச் சத்தம், அதற்குத் தனியாகப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

கோயில் கொடைத் திருவிழாவில் போடுகிற வேட்டுக்கு இதே முறை போதுமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே வாரத்தில் ஆகாது. கோயிலில் கொடைக்குக் கால் நாட்டிய உடனேயே டாக்டரைப் போய்ப் பாருங்கள். பதற்றத்தைக் குறைக்கிற மருந்துகள் உண்டு, வேட்டு தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டியவை, எவ்வளவு என்பதை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். வெறுமனே மயங்க வைக்கிற மருந்தா, பயத்தைக் குறைக்கிற மருந்தா என்று கேட்டு வாங்குங்கள். அசிப்ரோமசின் என்கிற மயங்க வைக்கிற மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்புதான் அசையாது, பயம் அப்படியே இருக்கும். கொடை அன்றைக்கு வெளிச்சத்திலேயே வெளிக்குப் போக வைத்துவிட்டு, உள்ளறையில் மெத்தை போட்டு, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.