மர இயர்போனில் காதுக்குக் கேட்பது மரமா, டியூனிங்கா?

குடமுழவன்

மூன்று மாதம் தேடி ஒருவழியாக ஜேவிசி எச்ஏ-எஃப்எக்ஸ்850 செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. 2014-ல் வந்த மாடல். வெளி உடம்பும் மரம், உள்ளே ஒலியை எழுப்புகிற 11 மி.மீ. டிரைவரின் டோமும் (நடுவில் இருக்கும் குமிழ்) மரம். இரண்டு வாரம் விடாமல் கேட்டாயிற்று, தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் வீணை. தந்தியை மீட்டிவிட்டு விரலை எடுத்த பிறகு குடத்துக்குள் தங்கி மெல்ல மெல்ல இறங்குமே அந்தக் கார்வை, அது இதில் முழுசாகக் கேட்கிறது. என் பழைய மெட்டல் பாடி சீன இயர்போனில் மீட்டு தெரியும், கார்வை பாதியில் கழன்றுவிடும். மிருதங்கத்தில் தொப்பி என்கிற இடப்பக்கம் ‘தொம்’ என்று விழுந்து உருண்டு அடங்குகிறது. நாதஸ்வரம் மேல்ஸ்தாயியில் காதைக் கீறவில்லை. பெண் குரல் மட்டும் அரை அடி பின்னால் நிற்கிறது, பக்கவாத்தியம் அவரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. குத்துப்பாட்டு போட்டால் பாஸ் வெள்ளம். உடம்பு குண்டு என்பதால் காதில் ஆழமாக இறங்காது, பஸ்ஸில் போனால் கண்டக்டர் விசில்வரை எல்லாம் உள்ளே வரும்.

இருந்தாலும் சொல்கிறேன், வீணையும் மரம், மிருதங்கமும் மரம், கேட்கிற கருவியும் மரமாக இருக்கும்போது ஏதோ ஒன்று ஒட்டுகிறது. மெட்டலுக்குத் திரும்பினால் பித்தளைச் செம்பைத் தட்டிய மாதிரி இருக்கிறது.

ஐந்துடெசிபல்

நல்ல பதிவு ஜி. எஃப்எக்ஸ்850 டியூனிங், அதாவது எந்த ஒலியை ஏற்றி எதை இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பது, எனக்கும் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசிப் பத்தியில் சறுக்கிவிட்டீர்கள். மெட்டல் பாடி போட்டது உலோகம் மாதிரியும் மர பாடி போட்டது மரம் மாதிரியும் கேட்கிறது என்றால் கேட்டது காது இல்லை, கண்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எந்த அலைவரிசை எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் கிராஃபில் இருக்கிறது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் தொப்பி உருள்கிறது, வீணைக்குக் கார்வை கூடுகிறது. நடுப்பகுதி அதற்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் குரல் பின்னால் போகிறது. இதை நெகிழியில் செய்தாலும் இப்படித்தான் கேட்கும்.

ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1971-ல் ஒரு சோதனை செய்து வெளியிட்டார். ஒரே அளவில் மூன்று புல்லாங்குழல்: மெல்லிய வெள்ளி, தடித்த செம்பு, மரம். வாய் வைத்து ஊதும் பகுதி மூன்றுக்கும் ஒரே மாதிரி. கண்ணால் பார்க்காமல் கேட்டவர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. கனத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லாமல் செய்தபோது ஊதியவர்களாலும் முடியவில்லை. புல்லாங்குழலிலேயே இந்தக் கதை என்றால் கட்டைவிரல் நகம் அளவு இயர்போன் சுவரில் மரம் என்ன செய்துவிடும்?

செவிச்செல்வம்

வந்துவிட்டார் கிராஃப் வாத்தியார். ஐயா, தஞ்சாவூர் வீணைக்கு ஏன் பலா மரத்தைத் தேடிப் போகிறார்கள்? நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் ஏன் பழைய வீடு இடித்த ஆச்சா மரத்துக்கு அலைகிறார்கள்? எல்லாரும் கண்ணால் கேட்கிறவர்களா?

ஜேவிசிக்காரர்கள் மரத்தை டயஃப்ரமாக (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) அழுத்த வருஷக்கணக்கில் முட்டி மோதினார்கள். மெல்லிய பூர்ச்ச மரத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தினால் வெடித்துவிடும். கடைசியில் ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயில் ஊறவைத்தபோதுதான் தகடு வளைந்து கொடுத்தது. அப்படி 2003-ல் மர ஸ்பீக்கரோடு இஎக்ஸ்-ஏ1 என்று ஆடியோ செட் வந்தது, 2008-ல் எஃப்எக்ஸ்500 இயர்போன். ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாற்றும் ஈக்யூவில் நாலு கோட்டை இழுத்தால் வந்துவிடும் என்றால் அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?

ஐந்துடெசிபல்

சாக்கே கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மரத்தை வெடிக்காமல் வளைத்த கதை, காதுக்கு வித்தியாசம் கேட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. கஷ்டப்பட்டுச் செய்தார்கள் என்பதற்காக அது நன்றாக இருந்தே ஆக வேண்டுமா, நானும் ஒரு தடவை நாலு மணி நேரம் கஷ்டப்பட்டு அல்வா கிண்டியிருக்கிறேன்.

வீணை விஷயத்துக்கு வருகிறேன். வீணையில் குடமும் பலகையும் அதிர்ந்தால்தான் நாதம். அது ஒலியை உண்டாக்குகிற கருவி, மரத்தின் குணம் அதில் ஏறத்தான் வேண்டும். இயர்போன் ஏற்கனவே பதிவான வீணையை உங்கள் காதில் கொண்டுவந்து கொட்டுகிற கருவி. அதன் உடம்பும் சேர்ந்து அதிர்ந்தால் என்ன ஆகும்? வீணைக்கும் ஒரு குடம், வயலினுக்கும் அதே குடம், செய்தி வாசிக்கிறவருக்கும் அதே குடம். நல்ல இயர்போன் உடம்பு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மரமோ கல்லோ, அதிராமல் இருந்தால் சரி.

கடைசல்

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன், உடம்பு என்று பேச்சு வந்ததால் நுழைகிறேன். எங்கள் குடும்பத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தோம், இப்போது நான் பொழுதுபோக்காக இயர்போன் கூடு கடைகிறேன். இதுவரை பதினாலு ஜோடி.

போன வருஷம் ஒரே 10 மி.மீ. டிரைவரை ஈட்டி, தேக்கு, வேம்பு மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் உள்ளளவு ஒன்றாக வரவேண்டும் என்று வெர்னியர் வைத்துக் கடைந்தேன். முதல் நாள் வேம்பு தனியாகக் கேட்டது, மெலிந்து, பாஸே இல்லாமல். ஆஹா, மரத்தின் குணம் தெரிகிறது என்று நண்பனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்பக்கக் காற்றுத் துளையில் உப்புத்தாள் தேய்த்த மாவு அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்தேன், வேம்பும் தேக்கும் அண்ணன் தம்பி ஆகிவிட்டன. அதே துளையை 0.5 மி.மீ.யிலிருந்து 0.8க்குப் பெரிதாக்கினால் வேறு இயர்போன் கையில் இருக்கிற மாதிரி கேட்கிறது. எத்தனை மரம் மாற்றியும் அந்த அளவு வித்தியாசம் எனக்கு வந்ததில்லை.

அதற்காக ஐந்துடெசிபல் சார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். கூடு வேறு, டயஃப்ரம் வேறு. கூடு சும்மா நிற்கிறது, டயஃப்ரம் ஆடுகிறது. மரத்தில் இழையோட்டத்தின் நெடுக்கே ஒலி ஓடுகிற வேகம் ஒன்று, குறுக்கே அதைவிட ரொம்பக் குறைவு. உலோகத் தகட்டில் எந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகம். ஆகவே தகடு தன் இஷ்டத்துக்கு அதிரத் தொடங்கும்போது மரம் ஒரே சுருதியில் கத்தாது, அங்கங்கே சிதறிவிடும். உள்ளுக்குள்ளேயே அதிர்வை விழுங்கும் குணமும் மரத்துக்கு அதிகம். அதனால்தான் தேக்குப் பலகையைத் தட்டினால் ‘டொக்’, எவர்சில்வர் தட்டைத் தட்டினால் ‘டிங்ங்’.

சும்மாவந்தேன்

நடுவில் மன்னிக்கவும். மர இயர்போன் ஆசையில் பெயர் தெரியாத ஒரு பிராண்டில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஐப்பசி மழையில் ஓதம் ஏறி உடம்பு ஊதியது, சித்திரையில் காய்ந்து மூட்டில் முடி அளவு பிளவு விட்டது. அப்புறம் இடது பக்கம் மட்டும் பாஸ் போய்விட்டது. எண்ணூறும் போச்சு. இந்த 850-ம் இப்படி வெடிக்குமா?

கடைசல்

உங்களுடையது வார்னிஷ் சரியாக ஏறாத ஈர மரமாக இருந்திருக்கும். நன்றாகக் காய்ந்த வைரம் பாய்ந்த மரத்தில் உள்ளேயும் வெளியேயும் பூச்சு கொடுத்தால் அவ்வளவு சீக்கிரம் பிளக்காது. இப்போது நிறையப் பேர் மரத்தை வெற்றிடத்தில் வைத்து உள்ளே ரெசின் ஏற்றிவிடுகிறார்கள், அதில் ஓதம் ஏறாது. பாஸ் போனதற்குப் பிளவு போதும், காற்று கசிந்தால் முதலில் போவது அதுதான்.

குடமுழவன்

சரி, கூடு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வேப்பமாவுக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் என் இயர்போனில் டோமும் மரம் என்பதை யாரும் தொடாமல் போகிறீர்களே. ஐந்துடெசிபல் ஜி, அதற்கு என்ன பதில்?

ஐந்துடெசிபல்

நியாயமான கேள்வி. டயஃப்ரத்தின் பொருள் முக்கியம், அதை மறுக்கவே இல்லை. எடை, விறைப்பு, அதிர்வை விழுங்கும் குணம் மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, முழுக்க மரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வரிசையின் பத்தாம் ஆண்டுக்கு 2018-ல் எஃப்டபிள்யூ10000 என்று ஒன்று விட்டார்களே, மேப்பிள் உடம்புக்கு உருஷி என்ற ஜப்பானிய அரக்குப் பூச்சு, உள்ளே வாஷி காகிதம் எல்லாம் வைத்து. அதிலேயே கார்பன் பூசிய பெட் பிளாஸ்டிக் ஃபிலிம் டயஃப்ரத்தின் மேல்தான் 50 மைக்ரான் மர டோம் உட்கார்ந்திருக்கிறது. கார்பனையும் பெட்டையும் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை, பாவம்.

இரண்டு, டயஃப்ரம் செய்கிற மாற்றம் பெரும்பாலும் அலைவரிசைக் கோட்டில் வந்துவிடும். இவ்வளவு சின்னத் தகடு கீழ்ப்பகுதியில் மொத்தமாக முன்னும் பின்னும் போய் வருகிறது, தன் இஷ்டத்துக்கு ஆடுவது மேல்பகுதியான டிரெபிளில்தான். அங்கே வருகிற முகடும் பள்ளமும் கிராஃபிலும் தெரியும், ஈக்யூவிலும் பெருமளவு சரிசெய்யலாம். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு 2013-ல் ஒரே ஹெட்போனில் பல ஹெட்போன்களின் கோட்டை ஈக்யூவால் வரவழைத்து, எது எந்த மாடல் என்று தெரியாமல் கேட்கவைக்கும் முறையைச் சோதித்தது. அசலுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் நகலுக்குக் கொடுத்ததும் பெரிதாக விலகவில்லை.

செவிச்செல்வம்

‘பெருமளவு’, ‘பெரிதாக விலகவில்லை’. அந்த மிச்சத்தைத்தான் நாங்கள் மரம் என்கிறோம்.

இன்னொன்று. உங்கள் கிராஃப் எல்லாம் 711 கப்ளர் என்று அளவெடுக்க வைத்திருக்கும் இரும்புக் காதில் எடுத்தது. அதில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடு எழும், இயர்போனை ஒரு மில்லிமீட்டர் ஆழமாகத் தள்ளினால் அதுவே நகர்ந்துவிடும். காதுக்குள் நுழைகிற ரப்பர் முனையான டிப் மாற்றினாலும் மாறும். என் காது அந்த இரும்புக்குழாய் இல்லை. 850-யோடு வருகிற ஸ்பைரல் டாட் டிப்பை எடுத்துவிட்டு வேறு போட்டாலே நாதஸ்வரம் வேறு ஊர்க்காரர் வாசிக்கிற மாதிரி ஆகிறது.

ஐந்துடெசிபல்

8 கிலோஹெர்ட்ஸ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, அதற்கு மேலே உள்ள கோட்டை நானே நம்புவதில்லை. ஆனால் தலைவரே, டிப் மாற்றினால் இவ்வளவு மாறுகிறது என்றால் அது மரத்துக்கு ஆதரவான வாதமா, என் வாதமா? யோசித்துப் பாருங்கள்.

குடமுழவன் ஜி, சம்மதம் என்றால் உங்கள் இரண்டு இயர்போனையும் கூரியரில் அனுப்புங்கள். கப்ளரில் மாட்டி, மெட்டலை ஈக்யூவால் மரத்தின் கோட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் பதிவு செய்து 12 ஜோடி ஃபைல் அனுப்புகிறேன். எது மரம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். காதில் மாட்டிப் பார்க்கிற சோதனை வேலைக்கு ஆகாது, அந்தக் குண்டு உடம்பு உள்ளே போனதுமே தெரிந்துவிடும்.

செவிச்செல்வம்

மர இயர்போனை மைக்கில் பிடித்து, அதை வேறொரு இயர்போனில் கேட்டு மரமா என்று சொல்வது! சாம்பாரை போட்டோ எடுத்து உப்பு பார்க்கிற கதை.

குடமுழவன்

பரவாயில்லை, அனுப்புகிறேன். டிப்பைக் கழுவிவிட்டேன்.

குடமுழவன்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். ஃபைல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். 12-க்கு 8 சரி. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஈக்யூ போட்ட அந்தச் சீன மெட்டல் வீணையில் கிட்டத்தட்ட அதே கார்வையைக் கொடுக்கிறது. அதில் எனக்கு வருத்தம்தான். தவறவிட்ட நாலும் வீணையும் குரலும். ஆனால் மிருதங்கம் ஐந்து ஜோடி இருந்தது, ஐந்தையும் சரியாகச் சொன்னேன். தொப்பி அடங்குகிற இடத்தில் மெட்டல் கொஞ்சம் சீக்கிரம் வெட்டுகிறது.

செவிச்செல்வம்

எட்டு! முடிந்தது வழக்கு.

ஐந்துடெசிபல்

முடியவில்லை. காசைச் சுண்டிவிட்டுக்கொண்டே பதில் சொன்னால்கூட 12-ல் எட்டோ அதற்கு மேலோ வர ஐந்தில் ஒரு தடவை வாய்ப்பு உண்டு. மிருதங்கம் ஐந்துக்கு ஐந்து என்பது சுவாரசியம், முப்பத்திரண்டில் ஒன்று. ஆனால் முடிவைப் பார்த்த பிறகு நன்றாக வந்ததை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுக்கக் கூடாது. மிருதங்கம் மட்டும் 16 ஜோடி புதிதாகச் செய்து தருகிறேன், அதில் 12 தாண்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைசல்

அடங்குகிற இடம் என்றால் இடதும் வலதும் காற்று கசியாமல் சீல் ஒரே மாதிரி விழுந்ததா என்பதையும் பாருங்கள் சார். எனக்கு அந்த வேப்பமாவு இன்னும் மறக்கவில்லை.

குடமுழவன்

16-க்கு நான் தயார். ஆனால் ஐந்துடெசிபல் ஜி, பதிவுதான் முடிந்துவிட்டதே, இயர்போன் எங்கே? மெட்டல் மட்டும் நேற்று கூரியரில் வந்தது.

ஐந்துடெசிபல்

புதிய 16-க்கு மறுபடி பதிவு செய்ய வேண்டும் இல்லையா, அதற்காக வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.

செவிச்செல்வம்

மறுபடி பதிவு செய்ய மெட்டலும் வேண்டுமே வாத்தியாரே, அதை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

ஐந்துடெசிபல்

அதன் அளவு எல்லாம் என்னிடம் இருக்கிறது.

சரி, ராத்திரி கொஞ்சம் கேட்கிறேன். டியூனிங் பிடிக்கும் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருந்தேன்.