யுரேனியக் கல் ஒளிரவில்லை: டார்ச் கோளாறா, கல் போலியா?

கல்லாசை:
என்னிடம் மூன்று யுரேனியக் கனிமத் துண்டுகள் இருக்கின்றன: மஞ்சள் செதில்களாக ஆட்டுனைட், பச்சைத் தகடுகளாக டோர்பர்னைட், கறுப்பாகக் கனத்த யுரேனினைட். 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் ஆட்டுனைட் மட்டும் பச்சையாக ஜொலிக்கிறது, மற்ற இரண்டும் சும்மா கிடக்கின்றன. ஆனால் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவி அதிகம் கத்துவது அந்தக் கறுப்புக் கல்லிடம்தான்! ஏமாந்துவிட்டேனா?

இருள்விளக்கு:
இல்லை. கதிரியக்கம் அணுக்கருவின் வேலை, ஒளிர்வு எலக்ட்ரான்களின் வேலை. யுரேனியம் +6 நிலையில் (ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலை) இரண்டு ஆக்சிஜனோடு நேர்கோட்டில் நிற்கும் யுரேனைல் அயனிதான் புற ஊதாவை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிறது. யுரேனினைட்டில் யுரேனியம் பெரும்பாலும் +4 நிலையில் இருப்பதால் கல் இருண்டே கிடக்கும். 1896இல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பெக்கரெலுக்கும் இதே குழப்பம்தான். ஒளிரும் யுரேனைல் உப்பை வைத்துத் தொடங்கினார். அப்புறம் பார்த்தால் ஒளிராத யுரேனியச் சேர்மங்களும் புகைப்படத் தகட்டைக் கறுக்கவைத்தன.

கல்லாசை:
சரி, டோர்பர்னைட்டில் யுரேனைல் இருக்கிறதே? ஆட்டுனைட்டில் உள்ள கால்சியத்துக்குப் பதில் செம்பு, அவ்வளவுதானே வித்தியாசம்?

இருள்விளக்கு:
அந்தச் செம்புதான் குற்றவாளி. யுரேனைல் வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளிவருவதற்குள் செம்பு அயனி அதை இழுத்து வெப்பமாக்கிவிடும். டோர்பர்னைட் பளிச்சென்று ஒளிர்ந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். இன்னொரு யுரேனியக் கனிமமான கார்னோடைட்கூட நல்ல மஞ்சள் நிறம், யுரேனைல் உண்டு, ஆனாலும் ஒளிராது.

பாறைப்பூச்சி:
டார்ச்சையும் மாற்றுங்கள். 395இல் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறைய கலந்து வரும், மங்கலான ஒளிர்வு அதில் மூழ்கிவிடும். கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய 365 டார்ச் வாங்கி, இருட்டறையில் பாருங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பச்சையாக ஒளிர்வதெல்லாம் யுரேனியக் கனிமமும் அல்ல. துத்தநாகக் கனிமமான வில்லமைட்டின் பச்சை மாங்கனீசால் வருவது. கண்ணாடி போன்ற ஹயலைட் ஓப்பல் கல்லில் துளியூண்டு யுரேனைல்தான், ஆனாலும் கண்ணைப் பறிக்கும்.

கல்லாசை:
365 வாங்கிப் பார்த்தேன். யுரேனினைட் அப்படியேதான். டோர்பர்னைட்டும் இருட்டுதான், ஆனால் அடிப்பக்கம் நாலைந்து புள்ளிகள் மட்டும் பச்சை மஞ்சளாக மின்னுகின்றன. ஊசியால் சுரண்டிப் பார்க்கவா?

பாறைப்பூச்சி:
வேண்டவே வேண்டாம்! ஆட்டுனைட் ஒட்டியிருக்கலாம். அது நீரை இழந்து தானாகவே உதிரும் சரக்கு. அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. ஒளி புகும் மூடிபோட்ட பெட்டியில் வைத்து மேலிருந்தே டார்ச் அடியுங்கள், பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் திறங்கள், உள்ளே ரேடான் என்ற கதிரியக்க வாயு சேர்ந்திருக்கும். தொட்டால் கை கழுவுங்கள்.